கூண்டுத் தரையில் எதை விரிப்பது? பாம்பும் பல்லியும் வளர்ப்போருக்கு

பால் பைத்தான், கார்ன் பாம்பு போன்ற பாம்புகளையும் லெப்பர்டு கெக்கோ, பியர்டட் டிராகன் போன்ற பல்லிகளையும் வளர்ப்பவர்கள் கண்ணாடித் தொட்டி, விளக்கு, வெப்பப்பாய், தெர்மோஸ்டாட் ஆகியவற்றை நாலு பேரிடம் விசாரித்து வாங்குகிறார்கள். தரையில் விரிக்கும் பொருளை மட்டும் கடையில் எது பார்வைக்கு அழகாக இருக்கிறதோ அதையே எடுத்து வந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பிராணி ஊர்வதும் உறங்குவதும், எச்சமிடுவதும் சட்டை உரிப்பதும் அந்த விரிப்பின் மேல்தான். விரிப்பு நாள் கணக்கில் ஈரமாகக் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் சிவந்து கொப்புளித்து அழுகத் தொடங்கும். தூசி அதிகமானால் மூச்சுத் தொல்லை வரும். அள்ளாமல் விட்ட எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, காற்றோட்டம் குறைந்த தொட்டிக்குள் தேங்கிக் கண்ணையும் நுரையீரலையும் உறுத்தும்.

சுத்தம் செய்ய எளிதான விரிப்பு எது என்று கேட்டால், பலரும் அடிக்கடி மாற்றத் தேவையில்லாத ஒன்றைத்தான் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். என் கருத்து அதற்கு நேர் எதிரானது. அழுக்கை உடனே கண்ணுக்குக் காட்டுவதும், காட்டிய அழுக்கைச் சில நொடிகளில் அகற்ற விடுவதுமான விரிப்பே எளிதான விரிப்பு. கரிய மண்ணோ பலவண்ண மணலோ அழுக்கை மறைத்து, தொட்டி சுத்தமாக இருப்பதாக நம்மை நம்ப வைக்கும். சுத்தப்படுத்தும் வேலை குறைவதில்லை, தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். எனினும் வசதியை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. ஈரப்பதம் மிகுதியாகத் தேவைப்படும் பாம்பை நமக்குச் சுலபம் என்பதற்காக வறண்ட தரையில் வைத்தால், அது சட்டையை ஒரே உரியாகக் கழற்ற முடியாமல் துண்டு துண்டாக உரித்து, கண் மீதும் வால் நுனியிலும் பழைய தோல் ஒட்டிக்கொண்டு அவதிப்படும். ஆகவே முதலில் பிராணியின் தேவை, அதற்குள் அடங்கி நமது வசதி என்ற வரிசையிலேயே தேர்வு நடக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாரை, மலைப்பாம்பு, உடும்பு போன்ற நம் நாட்டு உயிரினங்களை இந்தியாவில் வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான், பச்சை இக்வானா போன்று சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர், 2022-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தையும் அதன்கீழ் 2024-இல் வந்த விதிகளையும் பின்பற்றிப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் பாம்பையும் பல்லியையும் வீட்டில் வளர்க்க அனுமதியே இல்லை. பிற நாடுகளில் வாழ்வோர் அந்தந்த நாட்டு விதிகளை அறிந்த பிறகே தொட்டி வாங்குவது நல்லது.

பிராணியிலிருந்து தொடங்குங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் பால் பைத்தானுக்கு 60 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் ஏற்றது. சட்டை உரிக்கும் நாள்களில் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் பாம்புக்கு 40 முதல் 50 விழுக்காடு போதும். ஆனால் அதற்கு விரிப்புக்குள் புகுந்து படுக்க வேண்டும். லெப்பர்டு கெக்கோவும் ஆஸ்திரேலிய பியர்டட் டிராகனும் வறண்ட நிலத்துப் பிராணிகள். 30 முதல் 40 விழுக்காட்டில் நன்றாக இருக்கும். கிரெஸ்டட் கெக்கோ, இக்வானா போன்று மரத்தில் வாழும் பல்லிகளுக்கு ஈரம் மிகுதியாக வேண்டும்.

இந்த எண்களோடு நீங்கள் வாழும் ஊரின் காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அயல்நாட்டுக் கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டு உலர்ந்துபோன அறைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஆகவே ஈரத்தைப் பிடித்து வைக்கும் விரிப்பை அவை திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கும். டொரொன்டோவிலோ லண்டனிலோ வளர்ப்பவருக்கு அது சரியான அறிவுரை. சென்னையிலும் பிற கடலோர ஊர்களிலும் காற்றே ஈரமாக இருக்க, மழைக்காலத்தில் அதே விரிப்பு காயாமல் பூசணம் பூக்கும். 24 மணி நேரமும் ஏ.சி. ஓடும் அறை என்றால் கதை மீண்டும் மாறும், ஏனெனில் ஏ.சி. காற்றை உலர்த்திவிடும். எனவே விரிப்பை வாங்குவதற்கு முன் ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானியை வாங்கி, வெறும் தொட்டிக்குள் ஒரு வாரம் வைத்து, காலையிலும் இரவிலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டு எண்ணைவிட உங்கள் தொட்டியின் எண்ணே உங்களுக்கு உதவும்.

காகிதம்

பார்வைக்குச் சிறப்பாக இராது என்பதால் பலர் ஒதுக்கும் காகிதத்தைத்தான் புதிதாக வளர்க்கத் தொடங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வேன். சமையலறைக் காகிதத் துண்டு, அச்சிடாத செய்தித்தாள் காகிதம், பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போடும் பிரவுன் காகிதம் ஆகிய மூன்றும் பயன்படும். பிரவுன் காகிதத்தில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூச்சு உள்ளவை ஈரத்தை உறிஞ்சாது. அவற்றைத் தவிர்க்க வேண்டும். படித்து முடித்த நாளிதழைப் போடுவதிலும் தவறில்லை, ஆனால் வெளிர் நிறப் பிராணியின் வயிற்றில் மை ஒட்டும், கறுப்பெழுத்தின் மேல் சிறு பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியாது.

வெள்ளைக் காகிதத்தின் அருமை அது காட்டிக்கொடுப்பதில்தான் இருக்கிறது. பாம்பும் பல்லியும் இடும் எச்சத்தில் இரண்டு பகுதிகள் உண்டு: பழுப்பான மலம், அதனோடு சுண்ணாம்புக் கட்டி போன்ற வெண்ணிற யூரிக் அமிலம். அந்த வெண்பகுதி மஞ்சளாகி மணல் போல் இறுகியிருந்தால் பிராணிக்கு நீர் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். மலம் நீர்த்தோ, சளியோடோ, கடும் நாற்றத்தோடோ இருந்தால் குடல் ஒட்டுண்ணி இருக்கலாம். அப்போது அந்தக் காகிதத்தோடு மாதிரியை மருத்துவரிடம் எடுத்துச் செல்ல முடியும். நார்த்தூளில் கலந்துபோன எச்சத்தில் இவை எதுவும் தெரியாது. பாம்பு உண்ணிகளும் அப்படித்தான். அவை ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கரும்புள்ளிகள். பகலில் செதில்களுக்கு இடையிலும் கண்ணோரத்துக் குழியிலும் ஒளிந்துகொண்டு, இரவில் இறங்கி அலையும். காலையில் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் மூழ்கிக் கிடந்தாலும், பாம்பைத் தூக்கியபின் வெள்ளைக் காகிதத்தில் புள்ளிகள் நகர்ந்தாலும், தொல்லை வந்துவிட்டது என்று பொருள். அவற்றை மரச்சீவலில் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இக்காரணங்களால் புதிதாக வந்த எந்தப் பிராணியையும் முதல் 60 நாள்களாவது, முடிந்தால் 90 நாள்கள், காகிதத்தின் மேலேயே தனியறையில் வைத்திருக்க வேண்டும். நோயுற்றதையும் அறுவை சிகிச்சை முடிந்ததையும் அவ்வாறே வைக்க வேண்டும். லெப்பர்டு கெக்கோ வளர்ப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் கிடைக்கிறது. அது பெரும்பாலும் தொட்டியின் ஒரே மூலையைக் கழிப்பிடமாக வைத்துக்கொண்டு, வாலை உயர்த்திப் பின்னோக்கி நகர்ந்து அங்கேதான் எச்சமிடும். முதல் வாரம் கவனித்து அந்த மூலையைக் கண்டறிந்து, தரை எதுவாக இருந்தாலும் அங்கே மட்டும் நான்காக மடித்த ஒரு காகிதத் துண்டை வைத்தால், அன்றாட வேலை அந்தத் துண்டை எடுத்துப் புதிதாக வைப்பதோடு முடிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. காகிதத்தில் தோண்டவோ புதையவோ முடியாது, ஈரமும் நிற்காது. எனவே காகிதம் விரித்த தொட்டியில் ஒளிவிடங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். வெப்பமான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. சட்டை உரிக்கும் காலத்துக்கு, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நுழைவாயில் வெட்டி, நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியை உள்ளே வைத்தால், தொட்டி முழுவதையும் ஈரமாக்காமலே தேவை நிறைவேறும். பாம்பு காகிதத்துக்கு அடியில் நுழைந்துவிடும் என்பதால் வெப்பப்பாயைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணரியைக் காகிதத்தின் மேல் அல்லாமல், பாயின் சூடு நேராக ஏறும் கண்ணாடித் தரையிலேயே பொருத்த வேண்டும்.

டைல்

பியர்டட் டிராகனுக்கும் லெப்பர்டு கெக்கோவுக்கும், நீண்ட காலத்துக்கு வைத்துக்கொள்ளும் தரையாக டைலை மிஞ்ச எதுவும் இல்லை. வழவழப்பானதை வாங்காதீர்கள், கால் வழுக்கினால் குட்டிகளின் இடுப்பும் மூட்டும் சிரமப்படும். குளியலறைத் தரைக்கு விற்கும் சொரசொரப்பான மேட் ரகம் போதும். அதன் மேல் நடந்து நடந்து நகமும் அளவாகத் தேயும். வெயில்விளக்கின் கீழ் டைல் சூடேறி, அதன் மேல் வயிறு படப் படுக்கும் டிராகனுக்குச் சூட்டைத் தரும். ஆகவே அகச்சிவப்பு வெப்பமானியால் டைலின் மேற்பரப்பை அளந்து, 40 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

டைல் கடையிலேயே தொட்டியின் உள்ளளவுக்குச் சில மில்லிமீட்டர் குறைத்து வெட்டித் தரச் சொல்லுங்கள். சிமெண்டோ பசையோ வைத்து ஒட்டிவிட்டால், இடுக்கில் இறங்கும் சிறுநீரும் உணவுக்காக விட்ட வெட்டுக்கிளியின் சடலமும் அங்கேயே அழுகும். எடுத்துக் கழுவ வழி இருக்காது. ஒட்டாமல் வைத்து, இரண்டு தொகுதிகளாக வெட்டி வைத்துக்கொண்டால் ஒன்றைக் கழுவி வெயிலில் உலர்த்தும்போது மற்றதை இடலாம். டைலில் காய்ந்து ஒட்டிய வெண்ணிற எச்சத்தைக் கத்தியால் சுரண்ட வேண்டியதில்லை; வெந்நீரில் நனைத்த துணியை அதன் மேல் பத்து நிமிடம் போட்டு வைத்தால் ஊறிக் கழன்று வரும்.

டைலுக்கு மாற்றாக விற்கும் ரெப்டைல் கார்ப்பெட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துவைக்கலாம் என்பதே அதன் பெருமை. ஆனால் இழைகளுக்குள் எச்சம் இறங்கும், துவைத்தாலும் முழுமையாகப் போகாது. பல்லியின் நகமும் பல்லும் நூல் வளையத்தில் சிக்கிக் காயம்படும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வளைய இழையில்லாத, அடர்ந்த ரகத்தை வாங்குங்கள்.

மரச்சீவல்

கார்ன் பாம்புக்கு உலகெங்கும் பயன்படுவது ஆஸ்பென் மரச்சீவல். அது மென்மையானது, நறுமணப் பிசின் இல்லாதது. 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு இட்டால் பாம்பு குடைந்த வழி சரியாமல் நிற்கும். எச்சம் விழுந்த இடத்தில் சீவல் சேர்ந்து கட்டியாவதால், கரண்டியால் அந்தக் கட்டியைச் சுற்றியுள்ளதோடு அள்ளிவிடலாம். நனைந்தால் மட்டும் அது விரைவில் பூசணம் பிடிக்கும். தண்ணீர்க் கிண்ணத்தை அடிகனமானதாக வைத்து, அதன் கீழ் ஒரு டைல் துண்டையும் வைத்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். ஈரம் விரும்பும் பால் பைத்தானுக்கு ஆஸ்பென் பொருந்தாது.

நம் ஊரில் ஆஸ்பென் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை அதிகம். அதற்காகத் தச்சுப்பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் சீவலையும் மரத்தூளையும் அள்ளி வரக் கூடாது. அது எந்த மரம், எந்த மருந்து அடித்தது, எந்தப் பிளைவுட்டின் பசை கலந்தது என்பது பட்டறைக்காரருக்கே தெரியாது. சிடார் மரத்தின் வாசனை எண்ணெய் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. உலையில் உலர்த்தாத பைன் மரத்திலும் மூச்சுக்குழாயை உறுத்தும் பொருள்கள் உண்டு. பார்சல் பெட்டிகளின் மரம் பெரும்பாலும் பைன் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மூக்கருகே கொண்டுபோனால் மரவாசனை தூக்கலாக வருகிறதா? அந்தச் சீவல் வேண்டாம்.

தேங்காய் நார்த்தூள்

பால் பைத்தானுக்கும் ஈரம் விரும்பும் பிற இனங்களுக்கும் ஏற்ற விரிப்பு நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பொள்ளாச்சி வட்டாரத்தின் கயிறு ஆலைகளில் நார் பிரித்தபின் மிஞ்சும் தூள் கட்டியாக அழுத்தப்பட்டு உலகம் முழுவதும் ஏற்றுமதியாகிறது. அயல்நாட்டுக் கடைகளில் ஊர்வனவற்றுக்கென்று அழகான உறையில் விற்கும் விரிப்பும் இதே பொருள்தான். 650 கிராம் கட்டி நீரில் ஊறினால் 8 முதல் 9 லிட்டர் வரை வரும். 5 கிலோ கட்டியில் 60 லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

தோட்டக்கலைக்கு விற்பதை வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். உரமோ, நுண்ணுயிர்க் கலவையோ, வேப்பம் பிண்ணாக்கோ சேர்க்காத வெறும் நார்த்தூளாக இருக்க வேண்டும். மேலும் தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு இருப்பதால், கழுவிய ரகமா என்று கேட்க வேண்டும். விற்பவர்கள் அதை லோ ஈ.சி. என்பார்கள். கழுவாததையே வாங்க நேர்ந்தால், நல்ல நீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, வடியும் நீரின் காப்பி நிறம் வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். பிறகு வெயிலில் பரப்பி உலர்த்த வேண்டும். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது, தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம்தான் தொட்டிக்கு ஏற்றது. எலும்பாகக் காய்ந்துவிட்டால் தூசியாகப் பறந்து பாம்பின் மூக்கையும் வாயையும் அடைக்கும்.

நார்த்தூள் மட்டும் போடுவதைவிட, அதோடு தேங்காய் மட்டைத் துண்டுகளை மூன்றில் ஒரு பங்கு கலந்தால் இடையில் காற்று ஓடும், கட்டி தட்டாது, எச்சத்தை அள்ளுவதும் எளிதாகும். ஈரம் குறையும்போது மேலே தெளிக்காமல், ஒரு மூலையில் மெல்ல நீர் ஊற்றுங்கள். அடியடுக்கு ஈரமாகவும் பாம்பு படுக்கும் மேலடுக்கு உலர்வாகவும் இருக்கும். செதில் அழுகலைத் தடுப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. காகிதத்தில் சட்டென்று தெரியும் அழுக்கு நார்த்தூளில் தெரியாது என்பதால், இந்த விரிப்பைத் தேர்ந்தவர் நாள்தோறும் ஒருமுறை கிளறிப் பார்ப்பதைக் கடமையாகக் கொள்ள வேண்டும்.

இவை வேண்டாம்

சுண்ணாம்புச் சத்து மணல் என்று வண்ண வண்ணமாக விற்பதைப் பல்லிக் குட்டிகளுக்கு இடவே கூடாது. கால்சியம் குறைவாக உள்ள பிராணி அதையே நக்கி நக்கித் தின்னும். அது குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும். நல்ல வெப்பமும் நீரும் கால்சியமும் கிடைக்கும் வளர்ந்த பல்லிக்குச் சாதாரண மணலால் ஆபத்து குறைவுதான் என்றாலும், சிறுநீர் இறங்கிய மணலைச் சலித்தாலும் அது சுத்தமாவதில்லை. உடைத்த அக்ரூட் (வால்நட்) ஓடு கூர்மையானது. சோளக்கதிர்த் துண்டு வயிற்றில் ஊதும், ஈரத்தில் பூசணம் பிடிக்கும். பூனைக்கு விற்கும் களிமண் துகள் தூசி நிறைந்தது, தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். விலை மலிவு என்று நெல் உமியைச் சிலர் கேட்பதுண்டு. அதில் சிலிக்கா மிகுந்திருப்பதால் குத்தும், தூசியும் பறக்கும்.

எந்தத் துகள் விரிப்பாக இருந்தாலும் உணவைத் தனியாகத் தர வேண்டும். பாம்புக்கு உணவாகத் தரும் உறைந்த எலி, பனி இளகியதும் ஈரமாக இருப்பதால் சீவலும் நார்த்தூளும் அதில் ஒட்டிப் பாம்பின் வாய்க்குள் போகும். எலியைக் காகிதத்தால் ஒற்றி உலர்த்தி, இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின் மேல் தருவது நல்லது. பல்லிக்கான புழுக்களை வழவழப்பான கிண்ணத்தில் இட வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

நாள்தோறும் எச்சத்தையும், உரித்த சட்டையையும், ஈரமான இடத்தையும் அகற்றி, தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவ வேண்டும். காகிதமாக இருந்தால் அழுக்கான அன்றே முழுத்தாளையும் மாற்றிவிடலாம். சீவலையும் நார்த்தூளையும் மாதம் ஒருமுறை முழுமையாக மாற்றுவது பொதுவான கணக்கு. நாற்றமோ வெண்பூசணமோ தெரிந்தால் கணக்கைப் பார்க்காமல் அன்றே மாற்ற வேண்டும்.

முழுமையாகச் சுத்தம் செய்யும் நாளில், பிராணியைக் காற்றுத் துளையுள்ள மூடிய டப்பாவுக்கு மாற்றி, பழைய விரிப்பை அள்ளிப் பையில் கட்டி, தொட்டியை முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். இந்தப் படியைத் தாண்டி நேரே கிருமிநாசினியை ஊற்றுவதில் பயனில்லை, ஏனெனில் எச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் ப்ளீச்சிலுள்ள குளோரின் தன் வீரியத்தை இழந்துவிடும். அதன்பின் வீட்டு உபயோகத் திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு நீர் 9 பங்கு சேர்த்துப் பூசி, 10 நிமிடம் விட்டு, வாசனை முற்றிலும் போகும் வரை நல்ல நீரால் அலசி, வெயிலில் உலர்த்துங்கள். ப்ளீச்சோடு கழிப்பறை ஆசிட்டையோ வினிகரையோ கலந்தால் நச்சு வாயு எழும் என்பதால் அந்தப் புட்டிகள் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது பினாயில். அதை மட்டும் தொட்டியின் அருகே கொண்டுவராதீர்கள். பீனால் வகைப் பொருள்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. குளோரோசைலினால் கலந்த கிருமிநாசினியும் பைன் எண்ணெய் கலந்த தரை திரவமும் இதில் அடங்கும். தொட்டி இருக்கும் அறையின் தரையைக்கூட வேறு திரவத்தால் துடைப்பது பாதுகாப்பானது.

நோயின் சிறு அடையாளமும் காட்டாத பாம்பும் பல்லியும் குடலில் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்து திரியலாம். இதன் காரணமாகவே அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்பது 1975 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. எனவே கிண்ணத்தையும் டைலையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. தனி வாளி, தனி பிரஷ், தனி கையுறை வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் 20 நொடிகள் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளும், முதியோரும், கர்ப்பிணிகளும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் இந்த வேலையில் ஈடுபட வேண்டாம்.

மாடித்தோட்டம் வைத்திருப்போர் தொட்டியிலிருந்து எடுத்த நார்த்தூளை வீணாக்க மனமில்லாமல் கீரைத் தொட்டியிலும் தக்காளிச் செடிக்கும் இட விரும்புவது இயல்பு. ஆனால் சால்மொனெல்லா கிருமி மண்ணில் நீண்ட காலம் உயிரோடிருக்கும். கீரையையோ வேக வைக்காத வெங்காயத்தாளையோ வழியாகக் கொண்டு அது மீண்டும் வீட்டுக்குள் வரும். பழைய நார்த்தூள் பையில் இறுகக் கட்டப்பட்டுக் குப்பை வண்டிக்குத்தான் போக வேண்டும்.